மாப்பிள்ளை மேல் உட்கார்ந்த அந்தித் தும்பி

பசியாவரம்,
மார்கழி, செவ்வாய்

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா வசந்தா, உன் தங்கை மஞ்சுவை எழுதச் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் மஞ்சுவும் நல்லபடியாக இருக்கிறோம், ஹாஸ்டல் சாப்பாட்டில் நீ இளைக்காமல் இருந்தால் போதும். வலையில் இறால் பரவாயில்லை, நண்டுதான் சரியாக இல்லை. தை இருபதாம் தேதி வீட்டில் ஒரு விசேஷம், மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வா, என்ன என்று வந்தால் தெரியும்.

அக்கா, அம்மா சொன்னது இவ்வளவுதான். மீதியை எல்லாரும் தூங்கிய பிறகு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நைனா கண்ணில் பட்டால் தோலை உரித்துவிடுவார். விசேஷம் எனக்குத்தான். பதினாறு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை சுண்ணாம்புக்குளம் கேசவன், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கேட்டைத் திறந்து மூடுகிற பெரிய அதிகாரி. நைனாவுக்கும் அங்கே வேலை வாங்கித் தருவாராம். போன வருஷம் துறைமுகம் வேண்டாம் என்று போராட்டப் பந்தலில் உட்கார்ந்து கத்தித் தொண்டை கட்டிப்போன அதே நைனாதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். நம் வலை மூட்டைக்குப் பின்னால் இருட்டில் அந்தித் தும்பிகள் தொங்குமே, பகலெல்லாம் செத்ததுபோல் கிடந்து பொழுது சாயும்போது மட்டும் கொசு பிடிக்கக் கிளம்புமே, மாப்பிள்ளையின் நாற்காலியைச் சரியாக அதற்கு முன்னால் போட்டவள் நான்தான். அவர் கிரேன் எத்தனை டன் தூக்கும் என்று அளந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது, தும்பிகள் கிளம்பின, ஒன்று அவர் சட்டைப்பையில் உட்கார்ந்தது. ஐயோ கொட்டுது கொட்டுதுனு அலறி நாற்காலிமேல் ஏறி நின்றார், அதன் கால் முறிந்து பஜ்ஜித் தட்டில் விழுந்தார். நான் போய் இரண்டு விரலால் தும்பியின் இறக்கையைப் பிடித்து எடுத்து, இது கொட்டாதுண்ணானு சொன்னேன். அண்ணா என்று வேண்டுமென்றே சொன்னேன். இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். அவர் அம்மா முனியம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா, இன்னா தெகிரியம் பாரேன் இந்தப் பொண்ணுக்கு, எம்புள்ள பல்லியப் பாத்தாலே கத்துவான், இவதான் அவனுக்குத் தோதுனு அங்கேயே என் தலையில் பூ வைத்துவிட்டாள். ஆக, பூச்சி விரட்டத்தான் என்னைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை அக்கா. பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்கூடம் வேண்டாமாம். போன் நைனா இடுப்பை விட்டு இறங்குவதில்லை. உன் வார்டனிடம் சொல்லி, குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற 1098-க்கு நீ பேசு, நான் எழுதியது தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடுவார்கள், கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. வலை மூட்டைப் பக்கம் தும்பி இருக்கிறதா என்று மட்டும் கேள். நீ பேசிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். கேட்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

அம்மா கடைசியில் சொன்னது: நூறு வயசு நல்லா இரு, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

இப்படிக்கு,
அம்மா வசந்தா

எழுதியது மஞ்சு, பிளஸ் ஒன், இன்றுவரை.