விரால் குழம்பும் ஆறிய சப்பாத்தியும்

பெருமதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டு நிறைவடையும் தறுவாயில்தான் இம்மடலை எழுத இயன்றது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு விடை சொல்வதிலேயே பொழுது கழிந்தது. தங்களிடம் கேட்க வேண்டியது பின்தங்கிவிட்டது.

நேற்று தங்கள் அக்கா நம் வீட்டுக் கூடத்தில், உறவினர் முன்னிலையில் சொன்னார்: "தம்பி கனவுல வந்தான்டி. வயிறு ஒட்டிக் கெடக்கு. 'அக்கா, ஒரு பிடி சோறு போடு, அவ வறட்டுச் சப்பாத்தியப் போட்டே என்னக் கொன்னுட்டா'ன்னு அழுவுறான்."

தங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. வருஷத் திதிப் படையல அக்கா வீட்டுலயே வச்சுக்குவோம். அண்ணன் மனசு குளிரட்டும்."

அதாவது, தங்களுக்கு இலை போடும் தகுதி எனக்கு இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

சர்க்கரை நோய்க்கு இரவில் சோறு கூடாதென்று தஞ்சாவூர் மருத்துவர் சொன்னபோது, தாங்கள் என்னவோ நிலத்தையே எழுதிக் கொடுக்கச் சொன்னதுபோல் அதிர்ந்தீர்கள். "மூணு போகம் வெளஞ்ச மண்ணுல பொறந்தவன் கோதுமையத் திங்கிறதா?" என்றீர்கள். நம் தெருவில் சப்பாத்தி இடத் தெரிந்தவர் எவருமில்லை. அரிசி அடை தட்டிய பழக்கத்தில் நானும் வாழையிலையில் எண்ணெய் தடவிக் கோதுமை மாவைத் தட்டினேன். நடு வேகவில்லை, ஓரம் கருகியது. தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். "என்னடி இது, நாலு பக்கமும் பக்கத்து வயல்காரன் வரப்ப வெட்டித் தின்ன மாதிரி இருக்கு?"

நானும் சிரித்தேன். அன்று சிரிக்க முடிந்தது.

எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், நூலகத்தில் அமர்ந்து தமிழைக் கற்றுக்கொண்டவள், சப்பாத்தியிடமா தோற்பேன்? கைப்பேசியில் ஒரு வடநாட்டு அம்மையாரைப் பார்த்தேன். அவர் பேசிய இந்தி விளங்கவில்லை, கைகள் விளங்கின. மாவைப் பிசைந்ததும் ஈரத்துணி போர்த்தி ஊறவிட வேண்டும், தேய்க்கும் கட்டையை ஓரத்தில்தான் அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைகள் சொல்லித் தந்தவை.

ஒருநாள் அந்தியில் முதன்முதலாக ஒரு சப்பாத்தி தணலில் முழுதாக உப்பி எழுந்தது. "வந்து பாருங்களேன்!" என்று கத்தினேன். வந்து பார்த்து, "அடடே, தேறிட்டியே!" என்றீர்கள். பாதி தின்றுவிட்டு, வயிறு சரியில்லையென எழுந்தீர்கள். தட்டை எடுக்கக் குனிந்தபோது உங்கள் விரல்களில் விரால் மீன் குழம்பு மணத்தது. அன்று நம் தெருவில் விரால் வாங்கியவர் உங்கள் அக்கா ஒருவர்தான்.

வயலிலிருந்து திரும்பும் வழியில் தினமும் அங்கே சோறா? அதற்கு மேல் என் சப்பாத்தியுமா?

நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்றிருந்தேன். அடுத்த முறை சர்க்கரை ஏறியிருந்ததைக் கண்டு மருத்துவர் என்னைத்தான் கடிந்தார். "என்னம்மா சமைச்சுப் போடுறீங்க? படிச்சவங்க மாதிரி பேசுறீங்க, இது தெரியாதா?" நீங்கள் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தீர்கள். மேலே சுழன்ற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிறுநீரகம் கைவிட்ட பிறகும் உங்கள் வாய் திறக்கவில்லை.

அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றா? சோற்றை விட முடியாத வெட்கமா? அந்த அறையில் தலைகுனிந்தது நான் அல்லவா? இருந்தபோது எனக்காக ஒரு சொல் பேசாதவர், இறந்தபின் அக்கா கனவில் மட்டும் இவ்வளவு பேசினீர்களாமே!

நேற்று கூடத்தில் அந்த விரால் குழம்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திருட்டுத்தனமாகச் சோறு தின்று செத்தான் என்று ஊர் உங்களைச் சொல்லக் கூடாது. என் வாயால் அது வராது. உங்கள் வாயால்தான் வர வேண்டும்.

ஓர் உறுதி தருகிறேன். திதியன்று இலை நம் வீட்டில்தான் விழும், நான்தான் சமைப்பேன். சோறு வேண்டுமென்றால் வயிறார வடிக்கிறேன். சப்பாத்தி போதுமென்றால் உப்ப உப்ப இட்டு வைக்கிறேன். அதற்கு முன் ஒருமுறை உங்கள் அக்கா கனவில் மறுபடியும் போய் உண்மையைச் சொல்லுங்கள். என் கனவுக்கு வர வேண்டாம், எனக்குத்தான் தெரியுமே.

திதி வரும் அமாவாசையன்று. விரைந்து பதில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி
ராஜேஸ்வரி