முன்பின் தெரியாதவள் மடியில் உன் பை

மச்சான்,

போன மார்கழிப் புயலில் நனைந்து, அப்படியே கட்டிப் பரணில் போட்டிருந்த ஃபைலை இன்றைக்குத்தான் பிரித்தேன். வீட்டு வரி ரசீதோடு ஒட்டிக்கொண்டு உன் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் வந்தது. படத்தில், போலீஸ் பிடித்து உட்காரவைத்தவன்போல முழிக்கிறாய். நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. சிரிப்புதான் முதலில் வந்தது.

அந்த ஜெராக்ஸை எடுத்தவன் நான். "எதுக்குடா இதெல்லாம்? ஜாதகமா குடுக்கப் போறோம்?" என்று கேட்டாய். உனக்குச் சிதம்பரத்தில் சிமெண்ட் கடை, எனக்குக் கடலூரில். 2008-இல் நன்றாக விற்றவர்களைக் கம்பெனி பாங்காக்குக்கு அழைத்துப் போனபோது நம் இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. நான் ஒரு தாள் நிறைய எழுதிவைத்திருந்தேன். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கணும், ஓட்டல் முகவரிச் சீட்டு சட்டைப்பையில் இருக்கணும், தெரியாத ஆள் கூப்பிட்டால் போகக்கூடாது, இப்படி. நீ அதைப் படித்துவிட்டு, "நாம ஊர் சுத்திப் பாக்கப் போறமா, திருடப் போறமா மச்சான்?" என்றாய். இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை இரண்டு வாங்கியிருந்தேன். உன்னுடையதை ஐந்து நிமிஷம் கட்டிப் பார்த்தாய். மூச்சு முட்டுகிறது என்று அவிழ்த்துப் போட்டாய். அதனால் உன் பாஸ்போர்ட் தோள்பையில்தான் இருந்தது.

கடைசி நாள். மறுநாள் காலை விமானம். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, உன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அவளுக்கு ஏதாவது வாங்கியே ஆகணும் என்று அடம்பிடித்தாய். கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகிறோமே என்று முணுமுணுத்துக்கொண்டே நானும் வந்தேன். மேம்பாலத்தில் ஓடும் ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. நீ ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் பையை வைத்தாய். கேட்கவில்லை, லேசாகச் சிரித்தாய், அவ்வளவுதான். கடலூரில் பஸ் ஏறி நின்றால் ஆலப்பாக்கம் வருவதற்குள் நம் பை யார் மடிக்காவது போய்விடும், இறங்கும்போது வாங்கிக்கொள்வோம். அதைப் போய் பாங்காக்கில் செய்தாய். அந்தப் பெண் உன்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நம்முடையது வந்ததும் "எறங்கு, எறங்கு" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். கதவு மூடியது.

"மச்சான், பை" என்றாய்.

பிளாட்பாரத்திலேயே கத்தினேன். "அறிவிருக்காடா ஒனக்கு? இது என்ன நம்மூரு பஸ்ஸா?"

இழுத்தது நான். அதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

"பாவம்டா அந்தப் பொண்ணு. பையை வெச்சிக்கிட்டு எங்க எறங்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கும்" என்றாய். எனக்கு எரிச்சல் ஜாஸ்தியாகிவிட்டது. அவள் இந்நேரம் பையைப் பிரித்துப் பார்த்திருப்பாள் என்றேன்.

ஸ்டேஷன்காரரிடம் பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாகச் சொன்னோம். ஜெராக்ஸைக் காட்டினேன். யாருக்கோ போன் செய்துவிட்டு நம்மை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். அப்போது பார்த்து உன் பெண் போன் செய்தாள். "வந்துடுவேம்மா. அப்பா இல்லாமலா?" என்றாய். என் கை தானாக என் இடுப்புக்குப் போனது. பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது. நீ அதைப் பார்த்தாய்.

"கெடைக்கலன்னா நான் காலையில கெளம்பிடுறேன் மச்சான். ரெண்டு பேரும் எதுக்கு மாட்டிக்கணும்?" என்றேன்.

"செரிடா. நீயாவது போயி நிச்சயத்துல நில்லு" என்றாய்.

அரை மணியில் பை வந்துவிட்டது. அந்தப் பெண் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி, பையை ஒப்படைத்திருக்கிறாள். யாருடையது என்று கேட்டதற்கு, விரலால் உன் மீசையை வரைந்து காட்டினாளாம். நீ பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை உன் வீட்டு ஹாலில் நிச்சயப் பத்திரிகை வாசிக்கிற நேரம் வந்தது. உன் அண்ணன் இருந்தார், சித்தப்பா இருந்தார், நான் வெறும் சிநேகிதன். நீ சபையைப் பார்த்து, "எம் மச்சான் படிக்கட்டும்" என்றாய். எழுந்து நின்று படித்தேன். உன் பெண்ணின் பெயர் வந்த இடத்தில் தடுமாறி, திரும்பப் படித்தேன். கண்ணாடி மாற்றணும் போல என்று யாரோ கேலி செய்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

என்னை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்க அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தது. எத்தனையோ முறை ஒன்றாகச் சாப்பிட்டோம், கேட்கவில்லை. வெளிநாடு போகிறவர்கள் இன்னமும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஒன்று விடாமல் சொல்லி அனுப்புகிறேன். எல்லாம் சரியான யோசனைதான், நான் எதையும் தொலைத்ததில்லை. பை வராமல் போயிருந்தால், மச்சான், உன்னை அந்தப் பெஞ்சில் விட்டுவிட்டு நான் விமானம் ஏறித்தான் இருப்பேன். அது தெரிந்துதான், அதற்காக நான் உன்னிடம் கூசி ஒதுங்கிவிடக் கூடாதென்று, என் கையில் பத்திரிகையைக் கொடுத்தாய்.