பூத்ததிலிருந்து நூறு நாள்

ஆகஸ்ட் 9

பேத்தி மாயெலுக்குக் கார் ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது. வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "பாட்டி, எண்பது முடியுதுல்ல, ரெண்டு நாள் ஷாம்பெய்ன் செய்யுறவங்க வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு இடம் நான் பார்த்து வச்சிருக்கேன். மூணாவது உங்க இஷ்டம்."

லுசெத் வீடு என்றேன். என் அக்கா.

"நீங்கதான் அவங்களோட பேசறதே இல்லையே?"

"பேசத்தான் போறேன். நீ வண்டிய ஓட்டு."

ஆகஸ்ட் 12

மாயெல் நாள் கேட்டாள். செப்டம்பர் 2, 3 என்றேன். "அறுவடை நேரமா இருக்குமே பாட்டி? போன் பண்ணிக் கேட்டுடலாமா?"

என்னிடமா கேட்கிறாள்! அந்த வீட்டில் பதினோரு அறுவடை, நாற்பது பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போட்டவள் நான். திராட்சைக் கொடி ஜூன் பாதியில் பூக்கும். பூத்ததிலிருந்து நூறு நாள். செப்டம்பர் கடைசிக்கு முன் ஒருவரும் கத்தரிக்கோலைத் தொட மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள்தான், இந்தக் கணக்குக்கு அது போதும்.

போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுக்குத் தங்கை அனுமதி கேட்டுக்கொண்டா போவாள்?

ஆகஸ்ட் 15

எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக எழுதாதது.

அறுவடை முடிந்ததும் போடும் கொஷ்லே விருந்து. பன்றித் தொடை வேகவைத்து, இருபது ஆப்பிள் கேக் சுட்டு, கை வெந்துபோய் வாசற்படியில் நிற்கிறேன். அத்தான் கோப்பையைத் தூக்கி எல்லோருக்கும் நன்றி சொன்னார். பழம் பறித்தவர்கள், பிழியும் ஆலைக்காரர்கள், டிராக்டர்காரன். நாய்க்குக்கூட. எனக்கு இல்லை.

ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தேன். பேருந்து நிறுத்தம் வரை லுசெத் ஓடி வந்தாள். "மறந்துட்டாருடி. இதுக்குப் போய்..." 

"அவரு மறந்தாரு. நீ ஏன் ஞாபகப்படுத்தல?" 

பேருந்து வந்தது. நான் ஏறிவிட்டேன். பிறகு அவள் எழுதிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. அத்தான் சாவுக்கு மலர்வளையம் அனுப்பினேன். வளையம்தான் போயிற்று, நான் போகவில்லை.

ஒரு வாய் நன்றி. அதற்காக.

ஆகஸ்ட் 28

அவள் எண் இன்னும் மனப்பாடம். ஐந்து எண் வரை அழுத்தினேன். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 2

போகிற வழியிலேயே பார்த்தேன். கொடிகளுக்கு நடுவே வரிசை வரிசையாக முதுகுகள். பறிக்கிறார்கள்!

முதல் வீடு பெரியது, இணையத்தில் சீட்டு வாங்கியிருந்தோம். வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "பூவே மே மாசம் வந்துடுச்சு மேடம். இப்பல்லாம் இப்படித்தான்." என் நூறு நாள் சரிதான். பூ எனக்காகக் காத்திருக்கவில்லை.

பாட்டில்களை இப்போது இயந்திரம் திருப்புகிறது. லுசெத் கையால் திருப்பியவள். சரிந்த பலகையில் தலைகீழாகச் செருகிய பாட்டில்கள், ஒவ்வொன்றும் தினம் கொஞ்சம், உள்ளே இருக்கும் மண்டி கழுத்துக்கு இறங்கும் வரை. சின்ன வயதில் நான் முகத்தைத் தூக்கி வைத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருகுவாள். "இன்னிக்கு இவ்வளவு போதும். நாளைக்கு மிச்ச மண்டி இறங்கும்." சிரித்துவிடுவேன்.

"நாளைக்குப் போகணுமா பாட்டி? திரும்பிடலாமா?"

போகணும் என்றேன்.

செப்டம்பர் 3

போனோம். முற்றத்தில் பெட்டிகள், டிராக்டர், குளவிகள். ஆலைச் சத்தம். கதவருகே ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லுசெத்தின் மருமகளாக இருக்கும், என்னைத் தெரியாது.

"மேடம், அறுவடையப்போ யாரையும் உள்ள விடறதில்ல. தெரியாதா? அக்டோபர்ல போன் பண்ணிட்டு வாங்க."

தெரியாதா! எனக்கா!

'நான் லுசெத்தின் தங்கை' என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல். சமையலறையிலிருந்து வாசனை வந்தது. "வெங்காயம் அடிபிடிக்குது, தீயைக் குறைக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

"அவ்வளவுதானா?" என்றாள் மாயெல்.

"ஓட்டு."

செப்டம்பர் 4

மாயெல் பார்த்து வைத்திருந்த இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு ஓட்டிவிட்டாள்.

செப்டம்பர் 24

லுசெத்தின் மகன் பாஸ்கால் அழைத்தான்.

"சித்தி, பச்சைத் தொப்பி போட்டுக்கிட்டு வந்தது நீங்கதானே? வெங்காயம்னு சொன்னீங்களாம். அம்மா கேட்டதும் 'அவதான்டா!'ன்னு கரண்டியோட தெருமுனை வரைக்கும் ஓடினாங்க. கார் போயிடுச்சு."

ஓடினாளாம். மறுபடியும்.

"உங்களுக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், கூப்பிட்டா விறைச்சுக்குவா. வாசல் வரைக்கும் வந்தவ அடுத்த தடவை உள்ள வருவா'ன்னாங்க. கொஷ்லே அன்னைக்கு உங்களுக்கும் ஒரு தட்டு வச்சாங்க. வருஷா வருஷம் வைப்பாங்க சித்தி."

பிறகுதான் சொன்னான். பத்தொன்பதாம் தேதி அவளுக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது.

ஐயோ, மூன்று சொல்தானே! சொல்லியிருந்தா பதினாறு நாள் பேசியிருப்பாளே! திட்டியிருப்பாளே!

அக்டோபர் 6

இந்த முறை போன் செய்துவிட்டுப் போனோம்.

ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்மேல் என்றேன். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மன்னித்தாளா, ஏசினாளா? இனி எப்படித் தெரியும்?

மாயெல் என் பையை எடுத்தபோது அக்காவின் இடது கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. மெல்லத் திருகியது. கொஞ்சம்தான்.

பையைக் கீழே வைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 20

அவளுடைய வலது மணிக்கட்டைத் தினமும் இரண்டு வேளை திருப்பிவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். மருமகளுக்கு நேரமில்லை. நான் செய்கிறேன்.

காலையில் கொஞ்சம். சாயங்காலம் கொஞ்சம். கை இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.