மொட்டைமாடியில் கறுப்பு ஐரிஸ்

பிப். 3, செவ்.

மூன்று ஐரிஸ் கிழங்கில் இரண்டைக் கொன்றது மாமிதான். போன நோன்பில். அப்போது தொட்டி கீழே முற்றத்தில். கஞ்சிக்கு அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றியிருக்கிறார். இலை மஞ்சளாகிச் செடி தூங்கப் போகும் நேரம். ஒரு சொட்டு படக்கூடாது. சொல்லியிருந்தேன். "மனுசருக்குத்தான் நோம்பு, செடிக்குமா நோம்பு?" என்று கேட்டார். தோண்டினால் கிழங்கில் அழுகிய மீன் நாற்றம். பாவம் பார்த்துச் செய்ததால் சத்தம் போடக்கூட முடியவில்லை.

மிச்சம் ஒன்று. இன்று காலைப் பனி, செடிக்கு நல்லது. ஏழு இலை, அரிவாள் மாதிரி வளைந்து. மொட்டு இல்லை.

செய்ய:
- பொழுது சாயவும் தொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்க. இரவுக் குளிர் இல்லாமல் மொட்டு வராது. கறிக்குழம்பு மேல்தட்டுக்கு.
- சரளை இன்னும் ஒரு படி.
- மாமிக்குக் கால்வலித் தைலம்.
- எப்போது வருவார் என்று மச்சானிடம் திரும்பவும் கேட்க.

பிப். 6, வெள்.

நர்சரியில் கூட்டம். செக்காலை வட்டாரம் முழுக்க ரோஜாத் தொட்டி வாங்க வந்த மாதிரி. முதலாளி பழனியண்ணன் கல்லாவில் உட்கார்ந்தபடி, "என்னம்மா, ஃப்ரிட்ஜுப் பிள்ளை எப்படி இருக்கு?" வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. "பாலைவனத்துப் பூவுங்க. ஏரில் ஐரிஸ்னு இங்கிலீஸ் பேரு. விதைக்கு வெள்ளையா ஒரு கழுத்துப்பட்டை இருக்குமாம். ஊர்ல இல்லாத பூவை வச்சுக்கிட்டு, ஊர்ல இல்லாத புருசனுக்குக் காத்துக்கிட்டு இருக்கு இந்தப் பிள்ளை." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எரிச்சல்.

மச்சானுக்கும் நர்சரி வேலைதான், ஜோர்டானில். தொழில் ஒன்று, வீடுதான் ஒன்றில்லை. கல்யாணமாகி நாலு வருடம். சேர்ந்து இருந்தது எழுபத்தோரு நாள். கிழங்குகள் அங்கே தோட்டத்தில் விதை போட்டு வளர்த்தவை. மலையில் பிடுங்கினால் ஜெயிலாம். ஊர் திரும்பிய ஒருவர் பெட்டியில் சட்டைக்குள் சுற்றி வந்தவை.

எங்கள் தெருவில் ஒன்பது வீட்டில் ஆண்கள் போனில்தான் இருக்கிறார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று ஊர் பெருமை பேசுகிறது. பேசுகிறவர்கள் எல்லாம் தங்கள் வீட்டில், தங்கள் ஆளோடு.

பிப். 10, செவ்.

மொட்டு. இலைகளுக்கு நடுவே விரலில் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. 

மச்சானின் பழைய குரல் பதிவை மறுபடி கேட்டேன். அங்கே மலையில் பொழுது சாயும்போது ஆண் தேனீக்கள் இந்தப் பூவைத் தேடி வருமாம். தேனுக்கு இல்லை, படுக்க. பூவின் உள்ளே ஒரு குகை போல இருக்கும். விடிந்ததும் வெயிலில் முதலில் சூடாகும் இடம் அதுதானாம். "தேனீக்குக்கூட வீடு தெரியுது பாரு" என்று சொல்லிச் சிரிக்கிறார். பதினோரு முறை கேட்டாயிற்று. சிரிப்பு வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கோபம்.

இங்கே இந்தப் பூவைத் தெரிந்த தேனீ கிடையாது.

பிப். 14, சனி

வெயில் ஏறிவிட்டது. தொட்டிக்குக் குடை கட்டினேன். மொட்டு நீண்டு ஃப்ரிட்ஜ் தட்டில் இடிக்கிறது, இனி ராத்திரியும் மாடியில்தான்.

மாமி கூடத்தில், போனில் மகனிடம்: "ரெண்டே வருசம்த்தா. மாடியை எழுப்பிட்டு வந்துரு. கம்பியெல்லாம் துருப்புடிச்சு நிக்குது, பாக்கவே நல்லால்ல."

அந்தத் துருக்கம்பிகளுக்கு நடுவில்தான் என் தொட்டி. மாடிக்காகப் போன ஆள்.

அப்புறம் நான் பேசினேன். வாருங்கள் என்றேன். ஐந்தாவது முறை. "அம்மா என்ன சொல்லுதோ அதான்" என்றார். இன்னும் இரண்டு வருடத்துக்கான புதிய ஒப்பந்தத்தில் வரும் வியாழன் காலை கையெழுத்து.

முப்பது வயது ஆள்.

பிப். 17, செவ்.

பூத்துவிட்டது.

ஆறரைக்கு ஏறினேன். என் உள்ளங்கை அளவு. மேல் இதழ் மூன்றும் கத்தரிக்காய்த் தோல் நிறம், நரம்பு நரம்பாய். கீழ் இதழ்கள் அதைவிடக் கறுப்பு, நடுவில் வெல்வெட் பொட்டு. வெயில் பின்னால் பட்டபோது கறுப்பு எல்லாம் சிவப்பானது. நர்சரிக்கு லீவு சொன்னேன். பொய்க் காய்ச்சல்.

படம் எடுத்தேன். அனுப்பவில்லை. அழித்தேன். பார்க்க வேண்டுமானால் வரட்டும்.

குகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டெறும்பு.

மூன்று நாள் தாங்கும். இந்த வெயிலுக்கு அதுவும் சந்தேகம்.

பிப். 18, புதன்

நோன்புப் பிறை பார்க்கும் நாள். தெருவே மாடியில். மாமி வருடத்தில் ஒருநாள் படியேறுவது இதற்குத்தான். முழங்காலைப் பிடித்து, படிக்கு ஒரு யா அல்லாஹ்.

"எங்குட்டு புள்ள தெரியுது?"

"புளியமரத்துக்கு மேல, மாமி."

பார்த்தார். கையேந்தித் துஆ கேட்டார். திரும்பும்போது தொட்டியைக் கண்டார்.  புறங்கையால் ஒரு இதழைத் தொட்டார்.

"நான் தண்ணி ஊத்திச் செத்துச்சே ரெண்டு, அதுகளும் இப்படித்தான் பூத்திருக்குமா?"

"இப்படித்தான்."

"சொல்லிருக்கலாம்ல புள்ள."

"சொன்னேன் மாமி. நீங்க கேக்கல."

துருக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது. மச்சான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா. பிறை தெரிஞ்சிருச்சா அங்குட்டு?"

"தெரிஞ்சிருச்சுத்தா."

"நாளைக்குக் காலையில கூப்புடுறாங்கம்மா. கையெழுத்துப் போட்டுரவா?"

எப்போதும் உடனே 'போடுத்தா' என்பவர்.  இன்று கண் பூவில். ஓரம் சுருங்க ஆரம்பித்திருந்தது.

"அம்மா? கேக்குதா?"

போனை மாமியின் வாய்க்கு நேரே பிடித்தேன். 

"நீங்க சொன்னாத்தான் வருவாரு. வரச் சொல்லுங்க மாமி. இப்பச் சொல்லுங்க."