படையைத் திரும்பக் கூப்பிடச் சொன்ன என் அம்மாவுக்கு

என் உயிரான அம்மா,

நீ போன பிறகு இன்றுதான் டிவியைப் போட்டேன். எங்கோ தூர தேசத்தில் நடக்கும் ஒரு போரைப் பற்றி விவாதம். படையைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார் ஒருவர். இத்தனை பேர் செத்த பிறகு திரும்பினால் அவர்கள் உயிருக்கு என்ன மதிப்பு என்றார் இன்னொருவர். அதைக் கேட்டதும் எனக்கு உன் நினைப்புதான்.

இலங்கைக்குப் போன நம் படையில் தம்பி செந்தில் இறந்தபோது பள்ளிபாளையத்துக்குத் தந்திதான் வந்தது, உடம்பு வரவில்லை. துக்கம் கேட்கச் சிலர் வரவேயில்லை. "தமிழனையே சுடப் போனவன்தானே" என்று தறிப்பட்டறையில் பேசிக்கொண்டது உன் காதிலும் விழுந்தது. நீ யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அதே பட்டறைக்குத் திரும்பப் போய்த் தறி ஓட்டினாய்.

படையைத் திருப்பி அழைப்பதா வேண்டாமா என்று அப்போது ஊரெங்கும் பேச்சு. தம்பிக்கு அஞ்சலிக் கூட்டம் என்று சொல்லி ஒரு கட்சிக்காரர்கள் உன்னைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூட வந்தேன். உன்னை மேடையில் நிறுத்தி, சால்வை போட்டு, பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தாயோட மகன் சிந்துன ரத்தம் வீணாப் போகலாமா? படை அங்கயே நிக்கணுமா இல்லையா?"

நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

அவர் மைக்கை உன் பக்கம் நகர்த்தினார். அழுவாய் என்று நினைத்திருப்பார்.

"என்ற பையன் போயிட்டானுங்க. அவன் பேரைச் சொல்லி இன்னொருத்தி பையனை அங்க நிக்க வெக்காதீங்க. இருக்கறவங்களைக் கூட்டிட்டு வந்துருங்க. அவன் செத்தது வீணா இல்லையாங்கறது என்ற பாடுங்க. அதை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாய். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள், தங்கள் மேடையிலும் இதையே பேசச் சொல்லி. "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேனுங்க. இதை வெச்சு ஓட்டுக் கேக்காதீங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பினாய். எங்கிருந்தம்மா வந்தது உனக்கு அந்தத் தெளிவு? பெற்ற வயிறு எரிந்துகொண்டிருந்த நேரத்தில்?

உன் கருமாதிக்கு ஆட்டையாம்பட்டியிலிருந்து குமரேசன் வந்திருந்தார். தம்பியோடு படையில் இருந்தவர், ஒரு லீவில் அவனோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாரே, அவர்தான். உன் படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"படை திரும்புனப்ப எங்கூர்ல யாரும் முகங்குடுத்துப் பேசலைங்கக்கா. செந்தில் இல்லாம நான் மட்டும் வந்துட்டேன்னு உங்க ஊட்டுப் பக்கம் வரவே எனக்குப் பயம். அம்மாதான் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாங்க. கையி, தோளு, முகமெல்லாம் தொட்டுப் பாத்துட்டு, 'முழுசா வந்துட்டியா சாமி'ன்னாங்க. செந்திலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்க. அன்னைக்குத்தான் ஊருக்கு வந்து சேந்த மாதிரி இருந்துச்சு."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நீ இதை எங்களிடம் சொன்னதில்லை. மேடையில் நீ கேட்டபடி படை திரும்பியபோது, வந்தது உன் மகனாக இல்லாதபோதும், போய்த் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாய். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதாயா அம்மா? யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்?

மலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் உயரம் தெரியாது என்பதுபோல, உன்னை இவ்வளவு நாள் வெறும் அம்மாவாகவே பார்த்துவிட்டேன்.

குமரேசனின் மகன் இப்போது ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருக்கிறான். அவனைப் போன்றவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். செத்தவர்களைக் காட்டி உயிரோடு இருப்பவர்களையும் பலி கேட்கும் பேச்சு என் காதில் விழுந்தால், எந்தக் கூட்டமானாலும் எழுந்து நிற்பேன். உன் தைரியம் எனக்கில்லை, குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

செந்திலுக்கு அக்கா, உனக்கு மகள்,
கோகிலா