வெள்ளைக்காரர் ஸ்வெட்டரின் முழங்கை

19-1-2004, திங்கள்
நல்ல பனி. எங்கள் ஊர் வல்லத்துக்குக் கம்பெனி பஸ் முக்கால் மணி லேட்.

இன்று என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கார் வயர் கட்டும் போர்டு நிறைய ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் ரப்பர் மூடி போட வேண்டும். ஒன்றை மறந்துவிட்டேன். வெளிநாட்டு இன்ஜினியர் ஹென்ரிக் சார் குனிந்து வேலையைப் பார்த்தார். டெஸ்ட் ரூம் ஏசி குளிருக்காக எப்போதும் ஸ்வெட்டர். மூடி இல்லாத ஆணியில் அது மாட்டி, சர்ரென்று ஒரு சத்தம். முழங்கையில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை.

சூப்பர்வைசர் குமரேசன் சார்: "யார் போர்டும்மா இது?"

பக்கத்து போர்டு செல்வி, திருநெல்வேலிக்காரி, பேசாதே என்று கையைக் கிள்ளினாள். "என்னுதுதான் சார்" என்றேன்.

"டிரெய்னிங்ல கீறவளுக்கு இவ்ளோ அலட்சியமா? சனிக்கிழமை வேலை கன்ஃபர்ம் ஆனவங்க லிஸ்ட்டு வருது, தெரியும்ல?"

"நானே சரி பண்ணித் தரேன் சார்." என் வாய் எப்போது என்னைக் கேட்டுப் பேசியது!

20, செவ்வாய்
ஸ்வெட்டர் வீட்டில். மெரினோ கம்பளியாம், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று. கருநீலத்தில் வெள்ளை, செங்கல் நிறக் கட்டங்கள். ஹென்ரிக் சார் ஊரில் தாத்தா காலத்துக் கம்பெனி செய்தது, அவர் அப்பாவும் அந்தக் கம்பெனி ஸ்வெட்டரைத்தான் போடுவாராம். குமரேசன் சார் மொழிபெயர்த்துச் சொன்னார்.

அதே மாதிரி நூல் தேடி ஸ்ரீபெரும்புதூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடைக்காரருக்கும் ஒரே பதில்: "இம்மாம் மெல்லிசு கம்பளி நூலு இங்க யாரு வாங்கறா?"

அம்மா: "அழுக்கா கீதே, வெந்நீர்ல அலசட்டா?" கம்பளி சுருங்கிப் போகுமே! பாய்ந்து பிடுங்கினேன்.

22, வியாழன்
நூல் கிடைத்தது, ஸ்வெட்டருக்குள்ளேயே! பக்கத் தையலில் மிச்சம் விட்ட நுனிகள், மூன்று நிறத்திலும். அடி முட்டாளே, இரண்டு நாள் எங்கே தேடினாய்?

கட்டம் பிசகக் கூடாதே. லைன் வேலை மாதிரியே செய்தேன். நல்ல முழங்கையைப் பார்த்து கட்டத் தாளில் வரைந்து, நிறத்துக்கு ஒரு எண். பலகையில் குண்டூசி குத்தி, அவிழ்ந்த கண்ணிகளை அதில் மாட்டி, ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்தேன். சாப்பாட்டு நேரத்தில் செல்வி எண்களை வாசித்தாள்.

"ரெண்டு நீலம், ஒரு வெள்ள... ஏட்டி, மூணாவது வரிய விட்டுட்டியே!"

பிரித்து மறுபடி. கண் எரிச்சல். விடுவேனா?

24, சனி
வெயில்.
ஹென்ரிக் சார் ஸ்வெட்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோய் இரண்டு முழங்கையையும் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் தைத்தது இதுதானே என்று அவர் தொட்டது கிழியாத முழங்கை! லைனே சிரித்தது. எனக்குக் கால் தரையில் இல்லை.

குமரேசன் சார்: "லிஸ்ட்ல உன் பேரு கீது. மூடி போடாததுக்கு மெமோவும் கீது. ரெண்டையும் வாங்கிக்கினு போ."

கட்டி முடித்த வயருக்கு அவரவர் ஆபரேட்டர் நம்பர் ஒட்டுவது வழக்கம். ஹென்ரிக் சார் தைத்த முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பி நீட்டி, "நம்பர்?" என்றார்.

என் நம்பர் முப்பத்தேழு. ஊசியில் நூலைக் கோத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. நம்பர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வெள்ளை நூலில், தமிழில் என் பேரைத் தைத்தேன்: தேவகி.