கைக்கு ஒரு சோலி

அக்கா, காலையில் ரசத்துக்குப் பூண்டு உரித்தேன். எத்தனை முறை கழுவியும் விரலில் மணம் போகவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

அப்போதெல்லாம் பள்ளி விட்டதும் நீங்கள் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடி வருவேன். உங்கள் டியூட்டி முடியும் வரை வாசலில் உட்கார்ந்து படிப்பேன். பிறகு இருவரும் நம் ஊர் வில்பட்டிக்கு நடப்போம். மழைக்காலத்தில், அழைப்புகளை இணைக்கும் போர்டு ஊமையாகக் கிடக்கும். அழைப்பு வந்தால் சின்ன மூடி ஒன்று விழும்; அதற்காகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்தபடியே நீங்கள் பார்ப்பீர்கள். கை அதுபாட்டுக்கு உரிக்கும், கண் போர்டை விட்டு அசையாது.

"கைக்கு ஒரு சோலி குடுத்தாத்தான் புள்ள கண்ணு முழிச்சிருக்கும்" என்பீர்கள்.

புதிதாக வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். "இது எக்ஸ்சேஞ்சா, சந்தையா?"

"சந்தை இம்புட்டு அமைதியாவா சார் கெடக்கும்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முறத்தை வெளியே வைக்கச் சொன்னார். கையை மடியில் வைத்து போர்டை மட்டும் பார்க்க வேண்டுமாம். அந்த வாரமே, மூடுபனி கவிந்த ஒரு மத்தியானம், கண் திறந்தபடியே அசந்துவிட்டீர்கள். மூடி விழுந்தது தெரியவில்லை. கூக்கால் கிராமத்தில் ஒரு குழந்தைக்கு வலிப்பு. டாக்டரைக் கேட்டு வந்த அழைப்பு அது. டாக்டர் தாமதமாகத்தான் போனார். நல்லவேளை, குழந்தை பிழைத்தது.

மன்னிப்புக் கேட்டால் வேலை நிலைக்கும் என்றார் அதிகாரி. நீங்கள் சொன்ன பதிலை வாசலில் நின்று கேட்டேன்.

"புள்ளயப் பெத்தவகிட்டக் கேட்டுட்டேன் சார். உங்ககிட்டக் கேக்க மாட்டேன். என் கையைக் கட்டிப் போட்டது நீங்க."

வேலை போனது. அடுத்த மழையில் காய்ச்சல் கண்டு நீங்களும் போனீர்கள். 'தூங்குமூஞ்சி ஆப்பரேட்டர்' என்ற பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

இன்று எங்கள் வகுப்பை எக்ஸ்சேஞ்ச் பார்க்க அழைத்துப் போனார்கள். உங்கள் நாற்காலியில் ஒரு புதுப் பெண், கை இரண்டும் மடியில். "இப்படித்தான் இருக்கணும். முன்னே ஒருத்தி தூங்கியே கெடுத்தா" என்றார் அதே அதிகாரி.

"பூண்டு உரிச்ச நாள்ல அவங்க ஒரு தடவையாவது தூங்கினாங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார். மன்னிப்புக் கேட்டால்தான் வகுப்புக்குள் விடுவாராம்.

பள்ளி வராந்தாவில் நின்றுதான் இதை எழுதுகிறேன், அக்கா. குளிர் அடிக்கிறது. கேட்க மாட்டேன்.